சபர்மதியின் இரு கரைகள்

சென்னையிலிருந்து நவஜீவன் விரைவு வண்டியில் அகமதாபாத்துக்கு வரும் தமிழ் அன்பர்கள் வழியில் பல பேராறுகளைக் கடந்து வருகிறார்கள். விஜயவாடாவில் கிருஷ்ணை, அதற்கு வடக்கே கோதாவரி, சூரத்தில் தபதி, பரூச்சில் நருமதை, பின்னர் மாகி என்று ஒவ்வோர் ஆற்றையும் சன்னல் வழியே குழந்தைகளுக்குக் காட்டிக்கொண்டே வரலாம். ஆனால் எந்த நகரத்துக்கு வருகிறார்களோ அந்த நகரத்தின் ஆற்றை மட்டும் அவர்கள் காண்பதில்லை. தெற்கிலிருந்து வரும் இருப்புப்பாதை வட்வா, மணிநகர் வழியாகக் காலுப்பூரில் உள்ள பெரிய நிலையத்தை அடைந்துவிடுகிறது. சபர்மதியோ அங்கிருந்து மேற்கே, பழைய நகரத்துக்கு அப்பால் ஓடுகிறது.

இதனால், இந்நகருக்கு மாற்றலாகி வந்து ஆண்டுகள் சில கழிந்த பின்னும் அவ்வாற்றங்கரையில் ஒரு மாலைப்பொழுதேனும் நின்று பாராத தமிழ்க் குடும்பங்கள் உண்டு. மணிநகரிலும் கோக்ராவிலும் வீடு, அருகில் கடைத்தெரு, ஞாயிறன்று கோயில் என்று அவர்களுடைய வாழ்க்கை ஆற்றுக்குக் கிழக்கேயே அமைந்துவிடுகிறது. அவர்களுக்காக இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பிற நகரங்களில் வாழும் நம்மவர்க்கும் இதில் செய்தி உண்டு. இந்தியாவில் எந்த ஊரில் ஆற்றங்கரையைத் திருத்தும் பேச்சு எழுந்தாலும், “சபர்மதியைப் போய்ப் பார்த்து வாருங்கள்” என்று சொல்வது அண்மைக்காலத்தில் வழக்கமாகிவிட்டது. நாளை உங்கள் ஊரிலும் இத்தகைய பணி தொடங்கலாம். ஆகவே இங்கு என்ன செய்தார்கள், அதனால் யாருக்கு என்ன கிடைத்தது, யார் எதை இழந்தார்கள் என்பதை ஓரளவு எடுத்துரைப்பது பயன்தரும் என்று நம்புகிறோம்.

பழைய நகரத்தின் ஊடே

காலுப்பூர் நிலையத்திலிருந்து எல்லிஸ் பாலம் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். கால்வலிமை உள்ளவர்கள் இத்தூரத்தை நடந்தே கடக்கவேண்டும். நகரத்தின் அறுநூறு ஆண்டு வரலாறும் இந்த மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கியிருக்கிறது.

சுல்தான் அகமது ஷா 1411ஆம் ஆண்டில் சபர்மதியின் கீழ்க்கரையில் இந்நகரை நிறுவினார். ஆற்றை ஒட்டிப் பத்ராக் கோட்டை எழுந்தது. அதற்குக் கிழக்கே மூன்று வாயில் எனப்படும் தீன் தர்வாசா, அதனையும் தாண்டி 1424இல் முடிந்த ஜாமா மசூதி, அதன் அருகே மாணிக் சௌக் என்று ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. இவற்றைச் சுற்றிலும் ‘போள்’ எனப்படும் குடியிருப்புகள் நெருங்கி நிற்கின்றன. ஒரு வாயில், அதனுள் வளைந்து செல்லும் சந்து, இருபுறமும் மரவேலைப்பாடு மிகுந்த வீடுகள், நடுவே பறவைகளுக்குத் தீனி வைக்க ஒரு தூண் என்ற இவ்வமைப்பு நம்முடைய அக்கிரகாரத்தையும் செட்டிநாட்டு வீதிகளையும் ஒரு சேர நினைவூட்டுவது. 2017ஆம் ஆண்டில் இந்தப் பழைய நகரம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இந்திய நகரங்களுள் அச்சிறப்பை முதலில் பெற்றது இதுவே.

மாணிக் சௌக்கின் வேடிக்கையைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. காலையில் அங்கே பசுக்களுக்குப் புல் விற்கிறார்கள். பகலில் பொன்னும் வெள்ளியும் விற்கிறார்கள். நகைக்கடைகள் மூடிய பின்னர் அதே இடத்தில் அடுப்புகள் மூண்டு, நள்ளிரவு வரை உணவு விற்கிறார்கள். ஒரு சிறு சதுக்கம் ஒரே நாளில் மூன்று தொழிலுக்கு இடம் தருகிறது. எந்தப் பொறியாளரும் வரைபடம் போட்டு இதனை அமைக்கவில்லை. மக்களே காலப்போக்கில் தமக்குள் வகுத்துக்கொண்ட ஏற்பாடு இது. நகரத்தின் நடுப்பகுதியைத் திருத்தப் புகுவோர் முதலில் இங்கே ஒரு நாள் முழுவதும் அமர்ந்து பார்த்தல் நலம்.

பத்ராக் கோட்டைக்கும் மூன்று வாயிலுக்கும் இடைப்பட்ட வெளியை மாநகராட்சியினர் சில ஆண்டுகளுக்கு முன் திருத்தி அமைத்தனர். வண்டிகளை விலக்கிக் கல் பாவி, நடப்பவர்களுக்கே உரிய சதுக்கமாக்கினர். முன்பு ஆட்டோ ரிக்‌ஷாக்களுக்கு இடையே குழந்தைகளின் கையை இறுகப் பற்றிக்கொண்டு கடக்கவேண்டியிருந்த இடத்தில் இப்போது அவர்கள் நமக்கு முன்னே ஓடுகிறார்கள். தரையில் துணி விரித்து வளையலும் பாத்திரமும் விற்போர் இன்னும் அங்கே நிறைந்திருக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் அந்தச் சதுக்கம் அழகாக இருக்கலாம். ஆனால் அங்கே போவதற்கு யாருக்கும் வேலை இராது. எங்கள் இல்லத்தரசியின் நடையும் அவ்விடத்தில் தானே தளர்ந்துவிடுவதைக் கண்டிருக்கிறோம்.

மணல் ஆறு

பத்ராவைக் கடந்தால் எல்லிஸ் பாலம். முன்பிருந்த பாலத்தை 1875ஆம் ஆண்டின் வெள்ளம் அடித்துச் சென்றுவிட, 1892இல் இப்போதுள்ள இரும்புப் பாலம் கட்டி முடிக்கப்பட்டது. நகரம் மேல்கரைக்குப் பரவியதற்கு இப்பாலமே பெருங்காரணம். இன்று போக்குவரத்து அதன் இருபுறமும் எழுந்த புதிய பாலத்தின் வழியே செல்ல, பழைய பாலம் நடுவில் முதியவரைப்போல் ஓய்ந்து நிற்கிறது. வடக்கே சற்றுத் தொலைவில் மேல்கரையில் 1917இல் காந்தியடிகள் அமைத்த ஆசிரமம் உள்ளது. 1930 மார்ச் 12 அன்று தண்டிக்கு உப்பு எடுக்கப் புறப்பட்டது அங்கிருந்துதான்.

இருபது ஆண்டுகளுக்கு முன் இப்பாலத்தில் நின்றவர்கள் கண்ட காட்சி வேறு. சபர்மதி மழைக்காலத்தில் பெருகி, மற்ற மாதங்களில் மணற்பரப்பாகக் கிடக்கும் ஆறு. மணலில் கோடைகாலத்தில் முலாம்பழமும் காய்கறியும் பயிரிட்டனர். சாயப்பட்டறைத் துணிகளையும் சலவைத் துணிகளையும் விரித்து உலர்த்தினர். கழுதைகள் மணல் சுமந்தன. ஞாயிறுதோறும் ‘குஜரி’ எனப்படும் பழம்பொருட் சந்தை கூடியது. அகமது ஷாவின் காலத்திலேயே தொடங்கியது என்று மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் சந்தை அது. இரு கரைகளிலும் குடிசைகள் நெருங்கியிருந்தன. நகரத்தின் சாக்கடைகள் பல இடங்களில் நேரே ஆற்றில் விழுந்தன. பெருவெள்ளம் வந்தபோது முதலில் வீடிழந்தவர்கள் அந்தக் குடிசைவாசிகளே.

ஆகவே பழைய ஆறு பேரழகாக இருந்தது என்று எவரேனும் சொன்னால் நம்பவேண்டியதில்லை. ஆனால் அங்கே யாருக்கும் வேலையில்லாமல் இருந்தது என்று சொன்னால் அதனையும் நம்பவேண்டியதில்லை.

திட்டமும் கணக்கும்

கரையைத் திருத்தும் எண்ணம் புதியதன்று. 1960களின் தொடக்கத்திலேயே பெர்னார்ட் கோன் என்ற பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் இதுபற்றி ஒரு கருத்தை முன்வைத்தார். அது ஏட்டளவில் நின்றது. 1997இல் மாநகராட்சி இதற்கெனத் தனியாக ஒரு நிறுவனத்தை அமைத்தது. கட்டடக்கலைஞர் பிமல் படேல் குழுவினர் திட்டம் வகுத்தனர். 2005இல் வேலை தொடங்கிற்று. 2012இல் கரையோர நடைபாதைகள் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டன.

திட்டத்தின் அடிப்படையை எங்களைப்போன்ற எழுத்தர்களும் புரிந்துகொள்ளலாம். ஆற்றின் அகலம் ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் இருந்தது. அதனை எங்கும் 263 மீட்டர் என்று ஒரே சீராக்கி, இரு கரைகளிலும் காங்கிரீட் சுவர் எழுப்பினர். சுவருக்குப் பின்னால் மண் நிரப்பியதில் ஏறக்குறைய 200 ஹெக்டேர், அதாவது சுமார் 500 ஏக்கர் நிலம், நகரத்தின் நடுவிலேயே புதிதாகக் கிடைத்தது. ஒவ்வொரு கரையும் பதினொரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுடையது. அந்த நிலத்தில் பெரும்பகுதியைச் சாலை, நடைபாதை, பூங்கா ஆகியவற்றுக்கு விட்டு, நூற்றுக்குச் சுமார் 14 பங்கை மட்டும் கட்டடங்களுக்கு விற்றுச் செலவை ஈடுசெய்வது என்று வகுத்தனர். ஆற்றிடமிருந்து நிலம் பெற்று அந்நிலத்தைக் கொண்டே ஆற்றங்கரையை அமைக்கும் கணக்கு இது. வரவும் செலவும் ஒரே ஏட்டில் நேராகின்றன.

கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்றும் நடந்தது. எங்கள் கருத்தில் அதுவே பெரிய வேலை. ஆற்றில் விழுந்துகொண்டிருந்த சாக்கடைகளை மறித்து, இரு கரைகளிலும் நெடுக நிலத்தடியில் பெருங்குழாய் பதித்து, கழிவுநீரைத் தெற்கே உள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கொண்டு சென்றனர். மாலையில் கரையில் மூக்கைப் பொத்தாமல் நடக்க முடிகிறதென்றால் அந்தக் குழாய்களுக்கு நன்றி கூறவேண்டும்.

ஆறா, ஏரியா?

சென்ற பனிக்காலத்தில் எங்கள் மாமனார் குளித்தலையிலிருந்து வந்திருந்தார். காவிரிக்கரையில் பிறந்து வளர்ந்து, எழுபது ஆண்டுகளாக ஆற்று நீரைத் தவிர வேறு நீரைப் பெரிதாக மதியாதவர். அவரை ஒரு மாலை கரைக்கு அழைத்துச் சென்றோம். நடைபாதையின் ஓரத்தில் நின்று நீரை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு சருகை எடுத்து நீரில் போட்டார். அது போட்ட இடத்திலேயே நின்றது.

“மாப்பிள்ளை, இது ஆறா, ஏரியா?” என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதே. தெற்கே வாசணா என்னுமிடத்தில் 1976இல் கட்டிய தடுப்பணை நீரை மறித்து நிறுத்துகிறது. நகரத்துக்கு வடக்கே நருமதையின் பெருங்கால்வாய் சபர்மதியைக் குறுக்கே கடக்கிறது. அங்கிருந்து நீர் ஆற்றில் விடப்படுகிறது. ஆக, மழை இல்லாத மாதங்களில் கரையோரம் நாம் காண்பது பெரும்பாலும் நருமதையின் நீரே. பரூச்சுப் பாலத்தில் வண்டியிலிருந்து நாம் கைகூப்பிய அதே நருமதை, கால்வாய் வழியே நமக்கு முன்பே இங்கு வந்து காத்திருக்கிறாள் என்று அவருக்கு விளக்கினோம்.

“வந்தவள் நிற்கிறாளே, ஓடவில்லையே! அணைக்குக் கீழே என்ன ஆகிறாள்?” என்றார் அவர்.

அதற்கு மகிழ்ச்சியான விடை இல்லை. வாசணாவுக்குக் கீழே ஆற்றில் செல்வதில் பெரும்பகுதி நகரத்தின் கழிவுநீரும் ஆலைக்கழிவும் ஆகும். 2021இல் குஜராத் உயர்நீதிமன்றம் தானாகவே இதனைக் கையிலெடுத்து விசாரிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. நகரத்துக்குள் பதினொரு கிலோமீட்டர் கண்ணாடிபோல் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள கிராமத்தார்க்கும் அதே ஆறுதான் ஆறு. “கூவத்தையும் இப்படிச் செய்தால் என்ன?” என்று கேட்கும் சென்னை அன்பர்கள் இந்த இரண்டு செய்திகளையும் மனத்தில் கொள்ளவேண்டும். இங்கே நீர் பிறிதோர் ஆற்றிலிருந்து கிடைத்தது; அப்படி இருந்தும் கழிவு முழுவதும் தீர்ந்தபாடில்லை.

மாமனார்க்கு மற்றொரு குறையும் இருந்தது. ஆறு என்றால் இறங்கிக் கால் நனைக்கப் படித்துறை வேண்டும் என்பது அவர் கட்சி. இங்கே சில இடங்களில் படிகள் உண்டு. மற்ற இடங்களில் நீர் பார்ப்பதற்கு மட்டுமே.

ஆயினும் அன்று மாலை அவர் திரும்பிப் புறப்பட மனமின்றி இருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் குடியிருப்பு இரண்டு அறை. அதில் ஐந்து பேர். அங்கே குழந்தைகள் ஓடினால் கட்டில் தடுக்கும்; பெரியவர்கள் இருமினால் எல்லோரும் விழிப்பர். கரையிலோ நெடுந்தொலைவு வரை தடையில்லாத நடைபாதை. கல்லூரி மாணவர்கள் விளக்கடியில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆலையில் உழைத்து ஓய்ந்த முதியவர்கள் வரிசையாக அமர்ந்து அரசியல் பேசினார்கள். பர்தா அணிந்த பெண்கள் ஒரு புறமும், தலையில் முந்தானையிட்ட குஜராத்திப் பெண்கள் ஒரு புறமும் தத்தம் குடும்பத்தோடு தேப்லாவும் டோக்ளாவும் பிரித்து உண்டார்கள். நாங்கள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். எந்தத் தெருவார், எந்த மதத்தார் என்று கேட்பார் அங்கே இல்லை. எந்தெந்தத் தெருவில் யார் யார் குடியிருக்கலாம் என்பதில் மிகுந்த பிரிவினை கண்ட இந்நகரில் அது சிறிய செய்தியன்று. அதற்கு நாங்கள் யாரும் ஒரு காசும் கொடுக்கவில்லை.

வட்வாவுக்குப் போனவர்கள்

கரையில் நாம் நடக்கும் இடத்தில் முன்பு குடியிருந்தவர்கள் எங்கே? பதினாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் அங்கிருந்து அகற்றப்பட்டன. குடியிருப்போர் தமக்குள் ஒன்றுகூடி 2005இல் உயர்நீதிமன்றத்தை அணுகினர். அதன்பின் வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. நீதிமன்றத்தின் மேற்பார்வையில், மாடிக் குடியிருப்புகளில் அவர்களுக்கு வீடு ஒதுக்கப்பட்டது. அவற்றுள் பல நகரத்தின் எல்லைப்புறத்தில், வட்வா போன்ற இடங்களில் அமைந்தன.

வட்வா ரயில்வேக்காரர்களுக்கு நன்கு தெரிந்த நிலையம். டீசல் எஞ்சின் பணிமனை உள்ள இடம். எங்கள் அலுவலகத்துக்கு எதிரே சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் நாள்தோறும் அங்கிருந்து வருகிறார். அவருடைய தந்தை எல்லிஸ் பாலத்துக்குக் கீழே குடிசை போட்டவர். அப்போது அவர் நடந்தே வேலைக்கு வருவார். அவருடைய மனைவி ஆற்றுக்கு அக்கரையில் பால்டியில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கினார். புதிய வீட்டில் குழாய் உண்டு, கழிப்பறை உண்டு, மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வருவதில்லை என்று அவரே மனநிறைவோடு சொல்கிறார். ஆனால் மனைவிக்கு நான்கு வீட்டு வேலையும் போயிற்று. பேருந்துக்குக் கொடுத்தபின் கையில் நிற்பது சிறிதாகையால் அவர் மீண்டும் அங்கே வேலை தேடவில்லை.

“சாகேப், வீடு கிடைத்தது, ஊர் போயிற்று” என்றார் ஒரு நாள்.

அவர் எவரையும் குறை கூறவில்லை. இந்தச் சொற்களை நாங்கள் பல நாள் மறக்க முடியவில்லை. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு அதன் பொருள் விளங்கும். நாம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து வந்து இழந்ததை அவர் ஒரே நகரத்துக்குள் சில கிலோமீட்டரில் இழந்தார். அவ்வளவே வேறுபாடு.

நன்றாகச் செய்ததையும் சொல்லவேண்டும். குஜரிச் சந்தையை அடியோடு விரட்டிவிடாமல், 2014இல் கரையிலேயே மேடைகளும் மரநிழலும் உள்ள புதிய இடத்தில் அமர்த்தினர். சந்தை வணிகர்களும் அதற்காக வழக்காடி நின்றவர்களே. இன்று ஞாயிறு காலையில் சென்றால் பழைய தையல் எந்திரம் முதல் பாடப்புத்தகம் வரை எல்லாம் கிடைக்கும். எங்கள் மூத்த மகனின் மேசை அங்கே வாங்கியது. சலவைத் தொழிலாளர்க்கும் கரையிலேயே ஒரு சலவைத்துறை கட்டித் தந்தனர். சந்தைக்கும் சலவைக்கும் நகரத்தின் நடுவே இடம் காண முடிந்திருக்கிறது. குடியிருந்தவர்களில் பலருக்கு மட்டும் அருகில் இடம் காணப்படவில்லை. இருநூறு ஹெக்டேர் புதிய நிலத்தின் கணக்கில் இந்த ஒரு பற்று விடுபட்டுவிட்டதாகவே எங்களுக்குத் தோன்றுகிறது.

சீட்டும் நிழலும்

மணிநகர்த் தமிழர்களுக்கு மிக அருகில் உள்ள நீர்நிலை கங்காரியா ஏரி. 1451இல் சுல்தான் குத்புதீன் காலத்தில் முடிந்தது. முன்பு எவரும் எப்பொழுதும் சென்று அமரக்கூடிய கரையாக இருந்தது. 2008இல் அதனை அழகுபடுத்தி, சுற்றிலும் அடைத்து, வாயில் வைத்து, பெரியவர்க்குப் பத்து ரூபாய் என்று நுழைவுச்சீட்டு விதித்தனர். உள்ளே குழந்தைகளுக்கு ஒரு சிறு ரயிலும் ஓடுகிறது. அதில் எங்கள் ரயில்வே இலவச அனுமதிச்சீட்டு செல்லாது என்பதை எங்கள் இளைய மகள் நெடுநாள் நம்பவில்லை. ஏரி தூய்மையாயிற்று, உண்மை. ஆனால் வேலை முடிந்து திரும்பும் கூலியாள் வழியில் ஐந்து நிமிடம் காற்றுவாங்க அமரும் வழக்கம் அங்கே நின்றுபோயிற்று. பத்து ரூபாய் பெரிதன்று என்று சொல்பவர்கள் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு வாரம் ஒருமுறை என்று பெருக்கிப் பார்க்கட்டும்.

ஆற்றங்கரையிலும் இத்தகைய சீட்டுகள் ஒவ்வொன்றாக வருகின்றன. மலர்ப் பூங்காவுக்குக் கட்டணம் உண்டு. எல்லிஸ் பாலத்துக்கும் சர்தார் பாலத்துக்கும் இடையே, பட்டம் போன்ற வண்ண அமைப்போடு 300 மீட்டர் நீளத்தில் நடப்போர்க்கென அடல் பாலம் 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. காண அழகானது. திறந்த சில நாட்களிலேயே பெரியவர்க்கு முப்பது ரூபாயும், குழந்தைகளுக்கும் முதியோருக்கும் அதிற் பாதியும் கட்டணம் விதித்தனர். ஆற்றைக் கடக்க வண்டிகளுக்கு இலவசப் பாலங்கள் பல இருக்க, கால்நடையாய்ச் செல்வோருக்கென்றே கட்டிய பாலத்துக்கு மட்டும் சீட்டு என்பது சிந்திக்கத்தக்கது. நடைபாதை இன்றும் பெரும்பாலும் இலவசமாகவே உள்ளது. அதுவே இத்திட்டத்தின் மிகச் சிறந்த கொடை. காத்துக்கொள்ள வேண்டியதும் அதுவே.

அடுத்தது நிழல். 2010 மே மாத வெயிலில் இந்நகரில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தனர் என்று ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டனர். அதன் விளைவாக 2013இல் மாநகராட்சி வெப்பக்காலத் தற்காப்புத் திட்டம் ஒன்றை வகுத்து, பிற நகரங்களுக்கு வழிகாட்டியது. 2016 மே மாதத்தில் வெப்பம் 48 பாகையைத் தொட்டது. இத்தகைய ஊரில் பசுமை என்பது கண்ணுக்கு விருந்து மட்டுமன்று, உயிர்காக்கும் பொருள். கரையின் பூங்காக்களில் மரங்கள் வளர்ந்துவருகின்றன. ஆனால் நீரை ஒட்டிய கீழ் நடைபாதை நெடுகக் கல்லும் காங்கிரீட்டும்தான். சித்திரை, வைகாசியில் பகல் பத்து மணிக்கு மேல் அங்கே காக்கையும் இறங்காது. மாலை உலாவுக்கு வருபவர்க்கு அது குறையாகத் தெரியாது. பகலில் வேலையின் இடையே சற்று ஒதுங்க இடம் தேடுபவர்க்கு ஒரு வேப்பமரம் பத்து அலங்கார விளக்குகளுக்கு மேலானது.

இனி வரப்போவது

வேலை இன்னும் முடிந்துவிடவில்லை. வடக்கே இந்திரா பாலம் வரை கரையை நீட்டும் இரண்டாம் கட்டம் எடுத்துக்கொள்ளப்பட்டது. மேல்கரையை ஒட்டிச் செல்லும் ஆசிரமச் சாலையின் ஒரு பகுதி மத்திய வணிக வட்டாரமாகக் குறிக்கப்பட்டு, மனையின் பரப்பைப்போல் 5.4 மடங்கு வரை தளப்பரப்பு கட்ட அனுமதி தரப்பட்டது. ஒரு காலத்தில் அலுவலகங்களும் திரைப்பட அரங்குகளும் நிறைந்திருந்த அச்சாலையிலிருந்து வணிகம் மேற்கே நெடுஞ்சாலைப் பக்கம் நகர்ந்துவிட்டது. அதனை மீண்டும் ஆற்றோரத்துக்கு அழைத்துவருவதே நோக்கம். 2022 முதல் மெட்ரோ ரயிலும் அங்கே ஆற்றைக் கடக்கிறது. வேலையிடம் நகரத்தின் நடுவில், ரயிலுக்கு அருகில் அமைவது நல்லதே. ரயில்வேக்காரர்களாகிய நாங்கள் அதனை மறுக்கமாட்டோம். உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே சாலையிலிருந்து ஆற்றுக்குச் செல்லும் பொதுவழிகள் எத்தனை திறந்திருக்கும், அந்த வழிகளில் மரம் நிற்குமா, அங்கே தேநீர் விற்பவர்க்கு இடம் உண்டா, அக்கட்டடங்களில் துடைத்துப் பெருக்குபவர்கள் எங்கே குடியிருப்பார்கள் என்பவையே கேட்கவேண்டிய கேள்விகள்.

இவற்றைக் கேட்க நமக்கு உரிமை உண்டா என்று சிலர் ஐயுறலாம். நாம் வெளியூரார், வாடகை வீட்டுக்காரர், இன்றோ நாளையோ மாற்றல் வரும் என்ற எண்ணம் நம்மவரிடம் மிகுதி. குஜராத்தின் 1976ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டப்படி, வளர்ச்சித் திட்டத்தின் நகல் வெளியிடப்பட்டதும் எவரும் இரண்டு மாதத்துக்குள் தம் கருத்தையும் ஆட்சேபத்தையும் எழுதித் தரலாம். மனை உடையவர்தாம் எழுதவேண்டும் என்பதில்லை. பிற மாநிலங்களிலும் இதுபோன்ற ஏற்பாடுகள் உள்ளன. அறிவிப்பு குஜராத்தி மொழியில் இருக்கும். இங்கே பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் அதனைப் படித்துச் சொல்வார்கள். சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பொங்கல் விழாச் செலவைப் பேசிய பின் கால் மணி நேரம் இதற்கும் ஒதுக்கலாம். நம்முடைய அயலார் பெயரெழுதக் கூசும் இடத்தில் நம் எழுத்தர் கூட்டம் பேனா பிடித்து உதவினால், அதுவும் இந்நகரத்தில் உண்ட உப்புக்குச் செய்யும் கைம்மாறு.

கரையைக் காண விரும்பும் அன்பர்களுக்கு இறுதியாகச் சில சொற்கள். கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். காலுப்பூர் நிலையத்திலேயே மெட்ரோவில் ஏறி, ஆற்றைக் கடந்து, பழைய உயர்நீதிமன்ற நிலையத்தில் இறங்கினால் மேல்கரை அருகில்தான். ஞாயிறாக இருந்தால் காலையில் கீழ்க்கரையில் குஜரிச் சந்தையைப் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் மேல்கரைக்குச் செல்லலாம். உணவு கையில் கொண்டு செல்லுங்கள். தின்ற இலையையும் தாளையும் திரும்பக் கொண்டு வாருங்கள். முதியவர்களை அழைத்துச் செல்வோர் இருக்கைகள் உள்ள பூங்காப் பக்கமாகச் செல்வது நலம். வட்வாவிலிருந்தும் பேருந்து உண்டு. எங்கள் நிலையத்துச் சுமைதூக்கும் நண்பர், வருகிற உத்தராயணத்தன்று பேரப்பிள்ளைகளைப் பட்டம் விட அங்கே அழைத்துச் செல்லப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.